பெஸ்ட் நகரத் திருவிழாவும் நம்மூர்ப் பம்பையும்

ஆடி மாதம் பிறந்தால் எங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் 'வ' என்னும் எழுத்து குறைந்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் வெள்ளி, ஞாயிறுகளில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணிக்குப் போகும் குடும்பங்களும் பல. இவற்றுக்குப் போய்வரும் பிள்ளைகள் ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடுவார்கள். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் அந்த மாதத்தில் பத்து நாள்வரை வரமாட்டான்.

கடந்த ஆண்டு அவனை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்டேன். "தாத்தாகூடப் பம்பை அடிக்கப் போனேன் சார்" என்றான். வகுப்பு சிரித்தது. "மேளம் அடிச்சா பத்தாம் வகுப்பு பாஸ் ஆயிடுவியா?" என்று நானும் கேட்டுவிட்டேன். அதன் பிறகு அவன் விடுப்பு எடுத்தால் 'காய்ச்சல்' என்று எழுதிவரத் தொடங்கினான். அந்தப் பொய்யை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பது எனக்குப் பிறகே உறைத்தது.

நான் சமூக அறிவியல் ஆசிரியர்; முறையாக இசை கற்றவன் அல்லன். எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் பணியிடமும் இல்லை. இந்த ஆண்டு கலைத் திருவிழாவுக்கு முன்பு, கலைக்கல்விக்கு ஒதுக்கப்பட்ட ஐந்து பாடவேளைகளில் ஒரு மேற்கத்திய பியானோ இசையை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். வரலாறு, நிலவரைபடம், மொழி, இசை ஆகியவற்றை ஒன்றாகக் கற்பிக்க அது உதவியது. நான் திட்டமிடாத சிலவும் நடந்தன. ஆசிரிய நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்ட இசை

பிரான்ஸ் லிஸ்ட் 1811ஆம் ஆண்டு அன்றைய ஹங்கேரி அரசில் ரைடிங் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. சிறு வயதிலேயே பெற்றோர் அவரை இசை கற்க வியன்னாவுக்கும் பிறகு பாரிசுக்கும் அழைத்துச் சென்றனர். ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற பியானோ கலைஞரானார். 1838இல் டான்யூப் ஆற்று வெள்ளம் பெஸ்ட் நகரை அழித்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்காக வியன்னாவில் கச்சேரிகள் நடத்தி நிதி திரட்டினார். 1839 இறுதியில் பல ஆண்டுகளுக்குப் பிறகு தாய்நாடு திரும்பினார். அவரை நாட்டின் நாயகனாகவே வரவேற்றனர். ஆனால் தம் நாடு என்று பெருமையோடு சொல்லிக்கொண்ட அந்நாட்டின் மொழியை அவரால் சரளமாகப் பேச முடியவில்லை. ஜெர்மனும் பிரெஞ்சுமே அவருக்குப் பழகிய மொழிகள்.

அங்கு அவர் மீண்டும் கேட்ட இசையிலிருந்து பிறந்தவையே 'ஹங்கேரிய ராப்சோடிகள்'. மொத்தம் 19. கட்டுக்குள் அடங்காமல் மெட்டிலிருந்து மெட்டுக்குத் தாவிச் செல்லும் இசைக்கோவையை ராப்சோடி என்பர். அவற்றுள் ஒன்பதாவதன் பெயர் 'பெஸ்ட் நகரத் திருவிழா'. 1848இல் முதல் வடிவமும் 1853இல் திருத்திய வடிவமும் வெளிவந்தன. வாசிக்க ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். பெஸ்ட் அப்போது தனி நகரம். 1873இல்தான் ஆற்றின் மறுகரையில் இருந்த புடா முதலியவற்றோடு இணைந்து புடாபெஸ்ட் ஆயிற்று.

பெயரில் உள்ள திருவிழா, கிறித்தவர்களின் 40 நாள் தவக்காலத்துக்கு முன்பு வரும் கொண்டாட்டக் காலம். ஹங்கேரியில் அதை 'ஃபர்ஷாங்' என்பர். ஜனவரி 6இல் தொடங்கிச் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள்வரை விருந்து, நடனம், முகமூடி வேடம் எனத் தொடரும். விரதத்துக்கு முன்பு வயிறாரச் சாப்பிட்டு மனமாரச் சிரித்துக்கொள்ளும் நாள்கள் அவை.

முதல் பாடவேளை: கேட்டல்

பெயர், ஊர், ஆண்டு எதையும் சொல்லாமல் திறன் வகுப்பறையில் மூன்று நிமிடம் மட்டும் ஒலிக்கவிட்டேன். "டாம் அண்ட் ஜெர்ரி மியூசிக் மாதிரி இருக்கு சார்" என்றாள் ஒரு மாணவி. மற்றவர்கள் சிரித்தாலும் அவள் சொன்னது சரிதான். 1947இல் வெளிவந்த 'தி கேட் கன்செர்ட்டோ' படத்தில் டாம் கோட்டு சூட்டுடன் உட்கார்ந்து வாசிப்பது லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரிய ராப்சோடி. பியானோவுக்குள் தூங்கும் ஜெர்ரியை எழுப்பிவிடுவதும் அந்த இசைதான். தெரியாத ஒன்றைக் கற்பிக்கப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். பிள்ளைகள் அதைப் பல முறை கேட்டிருக்கிறார்கள்; யாருடையது என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

பிறகு கண்களை மூடிக் கேட்டு, கையால் தாளம் போடச் சொன்னேன். எங்கே வேகம் கூடுகிறதோ அங்கே விரலை உயர்த்த வேண்டும். தொடக்கம் மிதமான நடை. ஒரே மெட்டு வேறு வேறு அலங்காரங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது. முடிவில் கை தாளத்தைப் பிடிக்க முடியாத வேகம். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நொடி முன்னதாகவே விரலை உயர்த்தினான். காய்ச்சல் என்று எழுதிவருபவன்தான் அவன். "எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "காலம் மாத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் இழுப்பாங்க சார்" என்றான்.

இரண்டாம் பாடவேளை: மெதுவும் விரைவும்

ஹங்கேரிய நடன இசையில் இரு பகுதிகள் உண்டு. மெதுவான பகுதிக்கு 'லாஷு' என்றும் விரைவானதற்கு 'ஃப்ரிஷ்' என்றும் பெயர். இந்த நடனத்தின் பின்னணி பிள்ளைகளைக் கவர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் படைக்கு ஆள் சேர்க்க வந்த வீரர்கள் ஊர்ச் சந்தைகளில் இசைக்குழுவோடு ஆடினார்கள். ஆட்டத்தில் மயங்கிய இளைஞர்கள் படையில் சேர்ந்தார்கள். 'வெர்புங்கோஷ்' என்னும் அந்த நடனத்தின் பெயரே ஆள்சேர்ப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது.

இசைக்குழுவில் வயலினும் 'சிம்பலோம்' என்னும் கருவியும் இருக்கும். பெட்டியின் மேல் கட்டிய கம்பிகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் இக்கருவி நம் நாட்டுச் சந்தூரின் உறவு. லிஸ்ட் செய்த புதுமை இதுதான்: ஒரு குழு முழுவதும் எழுப்பும் ஒலியைப் பத்து விரல்களில் கொண்டுவந்தார். பியானோவும் கம்பியைச் சுத்தியல் தட்டும் கருவிதான். ஆகவே ஒரே சுரத்தை விரைந்து அதிரவைத்துச் சிம்பலோமின் ஒலியை அதில் எழுப்ப முடிந்தது.

இசை பயின்ற சக ஆசிரியை ஒருவர் வகுப்புக்கு வந்து பாடிக் காட்டினார். லிஸ்ட்டின் ஹங்கேரிய பாணிப் படைப்புகளில் அடிக்கடி வரும் ஒரு சுர வரிசை, நம் 72 மேளகர்த்தாக்களில் 57ஆவதான சிம்மேந்திரமத்திமத்தின் சுரங்களே என்றார். அவர் ஆரோகணம் பாடியதும் "இது நம்ம ராகம் சார், அவங்க எடுத்துட்டாங்க" என்றான் ஒரு மாணவன். இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். சுரங்கள் ஒத்திருப்பதால் ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்தார் என்று ஆகாது. கமகமும் பாடும் முறையும் முற்றிலும் வேறு. இதைச் சொல்லிவிட்டு, உண்மையாகவே மெட்டு பயணம் செய்த ஒரு கதையை நம் வட்டாரத்திலிருந்தே காட்டினேன்.

முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை பிறந்த இடம் நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணி என்பர். அவர் குடும்பத்தை ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். நாம் சென்னைக்குப் போகும் வழியில் கேட்கும் அதே மணலிதான். அந்தத் தொடர்பால் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த இசையைத் தீட்சிதர் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாடல் எழுதினார். 'நோட்டு சுவரம்' எனப்படும் அவற்றுள் ஒன்று இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். லிஸ்ட்டின் ராப்சோடி வெளிவருவதற்கு முன்பே இவை நடந்துவிட்டன.

மூன்றாம் பாடவேளை: வாசித்தவர் யார்?

"லிஸ்ட் இந்த இசையை யாரிடம் கேட்டார்?" என்று கரும்பலகையில் எழுதினேன்.

ஹங்கேரியில் விருந்திலும் திருமணத்திலும் சந்தையிலும் வாசித்தவர்கள் பெரும்பாலும் ரோமா மக்கள். அவர்களை 'ஜிப்ஸி' என்று பிறர் அழைத்தனர்; அப்பெயரை இழிவாகக் கருதுவோர் அவர்களில் பலர். இசை வேண்டும்போது அழைத்தவர்கள், மற்ற நேரத்தில் அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். யானோஷ் பிகாரி என்னும் ரோமா வயலின் கலைஞரைச் சிறு வயதில் லிஸ்ட் கேட்டிருக்கிறார். பெயரைச் சொன்னதும் மொத்த வகுப்பும் பீகாரிலிருந்து வந்த மாணவனைத் திரும்பிப் பார்த்தது. அவனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஹங்கேரியில் 'பிகார்' என்று ஒரு பகுதி உண்டு, நம் பீகாரோடு அதற்குத் தொடர்பில்லை என்று விளக்கினேன்.

"ஆனால் வேறொரு தொடர்பு இருக்கிறது" என்று சொல்லி ரோமானி மொழியின் எண்களைக் கரும்பலகையில் எழுதினேன்: யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச்.

எங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். தந்தைக்கு இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். கேட்டதற்கு மட்டும் ஒரு சொல்லில் பதில் சொல்வாள். அன்று கையை உயர்த்தாமலே எழுந்து நின்றாள். "எக, துயி, தினி, சாரி, பாஞ்ச" என்றாள். பிறகு பீகார் மாணவன் இந்தியில் சொன்னான். மூன்று வரிசைகளையும் அருகருகே எழுதினோம். தமிழ் எண்களை நான்காவதாக எழுதியபோது அவை வேறு குடும்பம் என்பது பிள்ளைகளுக்குத் தானே புரிந்தது. ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்பு வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள் என்று மொழியியல் அறிஞர்கள் கண்டறிந்தது இப்படிப்பட்ட சொற்களை ஒப்பிட்டுத்தான். அதை அன்று விளக்க எனக்கு வேறு துணைக்கருவி தேவைப்படவில்லை. தமிழ் சரியாக வராதவள் என்று நாங்கள் நினைத்திருந்த பெண் அந்தப் பாடவேளை முழுவதும் மற்றவர்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தாள்.

நான்காம் பாடவேளை: யாருடைய இசை?

லிஸ்ட் 1859இல் வெளியிட்ட நூலில், ஹங்கேரிய இசை எனப்படுவது ரோமா மக்களின் படைப்பு என்று எழுதினார். ஹங்கேரியர் பலர் கோபம் கொண்டனர். பின்னர் பேலா பார்ட்டோக், சோல்டான் கோடாய் என்னும் இரு இளம் இசையறிஞர்கள் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். உழவர்களும் முதியவர்களும் பாடியதை மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். 1906இல் இருவரும் சேர்ந்து ஒரு நாட்டுப்பாடல் தொகுப்பை வெளியிட்டனர். அவர்கள் உழைப்பால் தெரியவந்தது இது: லிஸ்ட் எடுத்தாண்ட மெட்டுகளில் பல, அக்காலத்தில் நகரங்களில் புழங்கியவை, அவற்றை இயற்றியோர் ஹங்கேரியர், மெருகேற்றி வாசித்துப் பரப்பியோர் ரோமா கலைஞர். உழவர்களின் பழைய பாடல்கள் வேறு. ரோமா மக்கள் தம் வீட்டில் பாடும் பாடல்களும் வேறு.

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து விவாதிக்கச் சொன்னேன். மெட்டு இயற்றியவர், வாசித்தவர், பியானோவுக்கு எழுதியவர், ஆடிய மக்கள் ஆகியோரில் யாருக்கு இது சொந்தம்? முடிவு எட்டவில்லை, எட்ட வேண்டிய தேவையும் இல்லை. ஒரு மாணவி சொன்னதை மட்டும் குறித்துவைத்தேன்: "எல்லாருக்கும் சொந்தம்தான் சார். ஆனா பேரு ஒருத்தருக்குத்தான் இருக்கு." ஒன்பதாவது ராப்சோடியில் லிஸ்ட்டின் பெயர் இருக்கிறது. அவர் அதை எர்ன்ஸ்ட் என்னும் புகழ்பெற்ற வயலின் கலைஞருக்குக் காணிக்கையாக்கினார். அவர் பெயரும் இருக்கிறது. பெஸ்ட் நகரத் தெருக்களில் வாசித்தவர்கள் பெயர் இல்லை.

நம்மிடமும் இதற்கு இணை உண்டு. காவடி சுமந்து மலையேறுவோர் நடையின் களைப்புத் தீரப் பாடியவை சிந்துகள். 19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் காவடிச்சிந்து இயற்றி அந்த வழிநடை இசையை இலக்கியமாக்கினார். இன்று அது கச்சேரி மேடையிலும் ஒலிக்கிறது. அவருக்கு முன்பு பாடி நடந்தவர்கள் யார்?

ஐந்தாம் பாடவேளை: தாத்தா வந்தார்

நான்காம் வகுப்பு முடிந்ததும் அந்த மாணவனைத் தனியே அழைத்துச் சென்ற ஆண்டு நான் பேசியது தவறு என்று சொன்னேன். தாத்தாவை அழைத்துவர முடியுமா என்று கேட்டேன். "பம்பையெல்லாம் ஸ்கூலுக்குக் கொண்டாரலாமா சார்?" என்றான். தலைமையாசிரியர் உடனே அனுமதி தந்தார்.

பெரியவர் வந்தார். நாற்காலியைப் போட்டோம், உட்காரவில்லை, பம்பையை நின்றுதான் அடிக்க வேண்டும் என்றார். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு முழவுகள், ஒன்று மரம், மற்றது பித்தளை. இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடித்தார். பேரன் உடுக்கை எடுத்தான். சாமி கிளம்பும்போது எந்த நடை, தெருவில் போகும்போது எந்த நடை, கரகம் ஆடும்போது எந்த நடை என்று ஒவ்வொன்றாக வாசித்தார். மெதுவான நடையிலிருந்து விரைவுக்குப் போகுமுன் ஒரு நொடி இழுத்தார். வகுப்பில் பாதிப் பேர் விரலை உயர்த்தினார்கள். முதல் நாள் ஒருவனுக்கு மட்டும் கேட்டது அன்று எல்லாருக்கும் கேட்டது.

பிறகு பார்ட்டோக் செய்ததுபோலப் பிள்ளைகள் கேள்விகள் கேட்டுக் கைப்பேசியில் பதிந்தார்கள். கருவியின் தோல் என்ன, யாரிடம் கற்றீர்கள், எந்த ஊர்களுக்குப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முதல் கேள்வி பெயர். அவர் சற்று நேரம் பேசவில்லை. "திருவிழா நோட்டீஸ்ல பாட்டுக் கச்சேரிக்காரங்க பேரு போடுவாங்க. எங்களுக்குப் 'பம்பை வாத்தியம் முழங்க'ன்னுதான் போடுவாங்க. பேரு யாரும் கேட்டதில்ல" என்றார். அவர் பெயரையும் குருவாக இருந்த அவருடைய பெரியப்பா பெயரையும் ஒரு மாணவி குறிப்பேட்டில் எழுதி, சரியா என்று காட்டினாள். அவர் படிக்கத் தெரியாதவர். பேரன் படித்துக் காட்டினான்.

மதிப்பீடும் தொடர்பணியும்

ஐந்து பாடவேளைகளின் முடிவில் தேர்வு வைக்கவில்லை. 'நம் ஊர் இசைப் பதிவேடு' என்று ஒரு குறிப்பேடு தொடங்கினோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலோ தெருவிலோ திருவிழாவில் பாடும் அல்லது வாசிக்கும் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒடிசா மாணவி பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் ஊர்த் திருமண மேளத்தைப் பற்றித் தமிழில் எழுதிவந்தாள். பிழைகள் இருந்தன. பக்கம் முழுவதும் எழுதியிருந்தாள்.

இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

1. இசையை முதலில் கேட்கவிடுங்கள். பெயரும் வரலாறும் பிறகு வரட்டும். ஒரு வேளையில் மூன்று நிமிடத்துக்குமேல் வேண்டாம்.

2. 'யார் இயற்றியது' என்பதோடு நிறுத்தாமல் 'அவர் யாரிடம் கேட்டார்' என்றும் கேளுங்கள்.

3. கலைஞரை அழைக்கும்போது பயணச் செலவும் அவருக்குரிய தொகையும் கொடுங்கள். நாங்கள் ஆசிரியர்கள் பங்கிட்டுக் கொடுத்தோம். அவர் தொழிலுக்குக் கிடைக்கும் மரியாதையைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

4. மாணவரின் குடும்பத் தொழிலை வகுப்பில் பேசுமுன் அவரிடமும் வீட்டாரிடமும் தனியே சம்மதம் கேளுங்கள். நாம் பெருமை என்று நினைப்பது அவருக்குச் சங்கடமாக இருக்கலாம். அந்தத் தொழிலையே தொடர வேண்டும் என்று அறிவுரை சொல்வதும் நம் வேலை அன்று.

5. ஒத்த சுரங்களைக் கண்டவுடன் 'நம்மிடமிருந்து போனது' என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதனால் அவனுடைய வருகை சீராகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இந்த ஆடியிலும் எட்டு நாள் வரவில்லை. அவன் தாத்தாவோடு பேசி, பள்ளி நாள்களில் மாலை நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அவனை அழைத்துச் செல்லக் கேட்டிருக்கிறேன், முயல்கிறேன் என்றார். விட்டுப்போன பாடங்களை மதிய இடைவேளையில் நண்பர்கள் சொல்லித்தருகிறார்கள். ஒன்று மாறியிருக்கிறது. கடைசியாக அவன் கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'பம்பை வாசிக்க' என்று எழுதியிருந்தான்.

கையொப்பமிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன்.